சமக்குறிக்குப் பின்னால் எட்டு ஆண்டுகள்

2015 மே மாதம் பைதான் மொழியில் ஒரு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதன் எண் 484. பைதானில் பெரிய மாற்றம் எது வேண்டுமானாலும் காரணங்களோடு எழுதி, எண்ணிட்ட ஆவணமாகத் தர வேண்டும். அந்த ஆவணத்துக்குப் பெப் என்று பெயர். பெப் 484-ஐ எழுதியவர்கள் பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோசம், யூக்கா லெஹ்டோசலோ, வூக்காஷ் லாங்கா ஆகிய மூவர். ஒரு ஃபங்ஷனுக்குள் போவது எண்ணா எழுத்துச்சரமா, வெளியே வருவது என்ன என்ற டைப் விவரங்களையெல்லாம் கோட் எழுதுபவரே குறித்துவைக்க வழி செய்த ஆவணம் அது. மிக நீளமானது. அதில் அலையஸ் எனும் மாற்றுப்பெயர் பற்றிய சிறு பிரிவில் வெக்டர் என்றொரு பெயர் எட்டிப் பார்க்கிறது. அதற்கு முந்தைய வரியில் ‘டி’ என்ற டைப் வேரியபிளை அறிவித்திருக்கிறார்கள்: அது முழு எண்ணாகவோ தசம எண்ணாகவோ கலப்பெண்ணாகவோ இருக்கலாம். அடுத்த வரியில் ஒரு சமக்குறி: வெக்டர் என்றால் டி, டி என்ற ஜோடிகளின் வரிசை. பிறகு வெக்டர் என்று எழுதி, சதுர அடைப்புக்குறிக்குள் ஃப்ளோட் என்று போட்டால் தசம எண் ஜோடிகளின் வரிசை என்று பொருள்.

ஜெனரிக் டைப் அலையஸ் பைதானுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான். வந்தபோது அதற்கென்று ஒரு சொல் இல்லை, குறி இல்லை. வயது = 40 என்று எழுதும் வரிக்கும் அதற்கும் பார்வைக்கு எந்த வேறுபாடும் கிடையாது. தனக்கென ஒரு சொல் கிடைக்க அது 2023 அக்டோபர் வரை காத்திருந்தது.

வெறும் அலையஸ் எளிது. நீளமான ஒரு டைப்புக்குச் சின்னதாகப் பெயர் வைப்பது, அவ்வளவுதான். பெப் 484 தரும் முதல் எடுத்துக்காட்டில் யூஆர்எல் என்ற பெயர் ஸ்டர் என்ற எழுத்துச்சர டைப்பைக் குறிக்கிறது. ஜெனரிக் அலையஸ் அப்படியல்ல. தேர்வுத்தாளில் வரும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ போல, அது ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைத்த பெயர். ‘ஜோடி’ என்று பெயர் வைத்து, எதன் ஜோடி என்பதைப் பயன்படுத்துபவரிடமே விட்டுவிடலாம். ஜோடி[இன்ட்] முழு எண் ஜோடி, ஜோடி[ஸ்டர்] எழுத்துச்சர ஜோடி. (ஜோடி என்ற பெயரைத் தமிழிலேயே தட்டலாம், 2007-ல் வந்த பெப் 3131 பைதான் 3-ல் அதற்கு இடம் கொடுத்தது. மற்ற சொற்களை இங்கே படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், இன்டர்ப்ரெட்டர் அவற்றை ஏற்காது.)

காலியிடம் விட்ட டைப் என்ற எண்ணம் பைதானைவிட மூத்தது. ராபின் மில்னர் எம்எல் மொழிக்கான கோட்பாட்டை 1978-ல் கட்டுரையாக வெளியிட்டார். பைதான் முதலில் வெளிவந்தது 1991-ல். தொடக்கத்தில் அதன் பெருமையே டைப் எழுதத் தேவையில்லை என்பதுதான். 2004 இறுதியில் கைடோ, விரும்பினால் டைப் எழுதும் வசதி பற்றித் தன் யோசனைகளைப் பொதுவெளியில் வைத்தார். சுற்றியிருந்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2006-ல் பெப் 3107 ஃபங்ஷன்களின் அளவுருக்களுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் மட்டும் கொடுத்தது. அந்தக் குறிப்புக்கு என்ன பொருள் என்று அது சொல்லவே இல்லை. அந்த இடம் பைதான் 3 வெளிவந்த 2008 முதல் ஏறக்குறைய சும்மாவே கிடந்தது.

அதற்குப் பொருள் வந்தது கேம்பிரிட்ஜ் வழியாக. யூக்கா லெஹ்டோசலோ அங்கே முனைவர் பட்ட ஆய்வின்போது, டைப் எழுதியும் எழுதாமலும் நிரல் எழுதக்கூடிய மொழி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதுதான் பின்னர், டைப்கள் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் மைபை என்ற டைப் செக்கராக ஆனது. 2013-ல் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் அவர் கைடோவைச் சந்தித்தார். தனியாக ஓர் இலக்கணம் வேண்டாம், பைதானின் இலக்கணத்துக்குள்ளேயே எழுது என்றார் கைடோ. யூக்கா ஒப்புக்கொண்டார். பிற்பாடு இருவரும் டிராப்பாக்ஸில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். நம் கதாநாயகனின் தலையெழுத்தை அந்தப் பேச்சே எழுதியது என்பேன். பைதானின் இலக்கணத்தைத் தொடக்கூடாது என்று முடிவானபின் அலையஸுக்குக் கையில் கிடைக்கக்கூடியவை இரண்டுதான்: சமக்குறி, சதுர அடைப்புக்குறி.

சதுர அடைப்புக்குறி வந்ததற்கும் அதுவே காரணம். வேறு பல மொழிகளில் காலியிடத்தைக் கோண அடைப்புக்குறியால் காட்டுவார்கள். பைதானில் அவை சிறியது, பெரியது என்று ஒப்பிடும் குறிகள். சதுர அடைப்புக்குறி பட்டியலில் ஓர் உறுப்பை எடுக்கும் குறி. ஒரு கிளாஸுக்கு அதை வேறு பொருளில் பயன்படுத்தும் உரிமையைப் பைதான் ஏற்கெனவே கொடுத்திருந்தது. இலக்கணத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல், டைப்பிங் என்ற லைப்ரரியைச் சேர்த்ததும் வேலை முடிந்தது. 2015 செப்டம்பரில் வெளியான பைதான் 3.5 அதைச் சுமந்து வந்தது.

அந்த முடிவு சரியானதே. புது இலக்கணம் கேட்டிருந்தால் 2015-ல் பெப் 484 ஏற்கப்பட்டிருக்காது. பைதான் உலகம் அப்போது டைப்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ஆனால் மலிவாக வாங்கியதன் மீதி விலையை அலையஸ் பல ஆண்டுகள் தவணையில் கட்டியது.

முதல் தவணை டைப் வேரியபிளிலேயே இருந்தது. டி = டைப்வார்("டி") என்று எழுத வேண்டும், பெயரை இருமுறை சொல்லியாக வேண்டும். சமக்குறிக்கு வலப்புறம் உருவாகும் பொருளுக்கு இடப்புறம் தன்னை என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. ஆகவே காதில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் வேறுபட்டால் டைப் செக்கர் குறை சொல்லும். அதோடு இந்த டி கோப்பின் உச்சியில், எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது. பத்து ஃபங்ஷன்களும் நான்கு அலையஸ்களும் அதே டி-யைப் பயன்படுத்தலாம், அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை என்றாலும். புதிதாகப் படிப்பவர் ‘இந்த டி அந்த டி-யா?’ என்று கேட்டால் பதில் சொல்ல இலக்கணத்தில் இடமில்லை. எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்து ஊகிக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. இரண்டு காலியிடம் உள்ள அலையஸில் எது முதல் இடம்? அறிவித்த வரிசை என்று ஒன்று கிடையாது. வலப்புறத்தில் எது முதலில் தோன்றுகிறதோ அதுவே முதல். அட்டவணை = டிக்ட்[கே, வி] | லிஸ்ட்[வி] என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். அட்டவணை[ஸ்டர், இன்ட்] என்றால் கே எழுத்துச்சரம், வி முழு எண். இன்னொருவர் வந்து, ‘அல்லது’ என்ற குறிக்கு இருபுறமும் உள்ளவற்றை எப்படி மாற்றி வைத்தாலும் பொருள் ஒன்றுதானே என்று நினைத்து லிஸ்ட்[வி]-ஐ முன்னால் கொண்டுவருகிறார். அவர் நினைத்தது டைப் கோட்பாட்டின்படி சரி. ஆனால் இப்போது முதலில் தோன்றுவது வி. அட்டவணை[ஸ்டர், இன்ட்] என்று எழுதப்பட்ட எல்லா இடங்களிலும் இரண்டும் இடம் மாறிவிட்டன, அட்டவணை என்ற பெயரின் பக்கத்தில் அதைக் காட்டும் எழுத்து ஒன்றுகூட இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. அடைப்புக்குறியை மறந்து வெறுமனே ‘ஜோடி’ என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? பிழை வராது. காலியிடத்தில் எனி என்ற டைப்பை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று பெப் 484 விதித்தது. எனி என்றால் எதுவும் சரி, எதையும் சோதிக்காதே என்று பொருள். டைப் எழுதிப் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பி ஒருவர் எழுதிய வரி, அந்த இடத்தில் மட்டும் சோதனையை அமைதியாக அணைத்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக டைப் சேர்ப்பவர்களுக்கு வழி விட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம்; பழைய கோட் உடையாமல் இருக்க இப்படி ஒரு கதவு தேவைப்பட்டது. ஆனால் திறந்து கிடக்கும் கதவுக்கு ஒரு மணியாவது கட்டியிருக்கலாம். மைபையில் அந்த மணி உண்டு, கண்டிப்பு முறையைத் தேடிப் போய் இயக்கினால்தான் ஒலிக்கும்.

ஆவணத்தில் 2015-லேயே இருந்த இந்த அலையஸை மைபை புரிந்துகொண்டதே 2016-ல்தான். அந்த வேலையைச் செய்தவர் ஐவன் லெவ்கிவ்ஸ்கி. அதன் அடுத்த பயணத்துக்கும் அவரே தேரோட்டி. பழைய அமைப்பில் அடைப்புக்குறிக்குள் ஒரு டைப்பைப் போட்டவுடன் பின்னணியில் ஒரு புதிய கிளாஸே உருவாகும். கிளாஸ்களை உருவாக்கும் கிளாஸ், அதாவது மெட்டாகிளாஸ், அந்த வேலையைச் செய்தது. நிரல் மந்தமானது. சொந்தமாக வேறு மெட்டாகிளாஸ் வைத்திருந்தவர்களுக்கு மோதலும் வந்தது. லெவ்கிவ்ஸ்கி எழுதிய பெப் 560 இதை 2018-ல் பைதான் 3.7-ல் தீர்த்தது. மொழியின் உட்கருவைத் தொடுவதில்லை என்ற பழைய விரதம் அங்கே கலைந்தது. அடைப்புக்குறியைக் கையாளும் வேலைக்கென உட்கருவிலேயே ஒரு வழி திறந்தார்கள். டைப்களோடு செய்யும் சில செயல்கள் 7 மடங்கு வரை வேகமாயின.

2020-ல் வெளியான 3.9 பதிப்பு, வூக்காஷ் லாங்காவின் பெப் 585 வழியாக, லிஸ்ட், டிக்ட் என்ற சொந்தப் பெயர்களுக்கே அடைப்புக்குறியைக் கொடுத்தது. அதுவரை பெரிய எழுத்தில் தொடங்கும் இரட்டைப் பெயர்களை இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு, 3.10-ல், ‘அல்லது’ என்பதற்கு ஒரு செங்குத்துக் கோடு போதும் என்றானது. அலையஸ் வரிகள் சுருங்கிப் படிக்கத்தக்கவை ஆயின.

ஆனால் மூலச் சிக்கல் அப்படியே இருந்தது: ஒரு சமக்குறி வரியைப் பார்த்ததும் அது அலையஸா, சாதாரண மதிப்பா என்று எப்படித் தெரியும்? மனிதரைவிட டைப் செக்கருக்குத்தான் இது பெரிய தொல்லை. வலப்புறம் மேற்கோள் குறிக்குள் மரம் என்று இருக்கிறது. இன்னும் பிறக்காத மரம் என்ற கிளாஸைக் குறிக்கும் அலையஸா, அல்லது மரம் என்ற வெறும் எழுத்துச்சரமா? பைதானில் பின்னால் வரப்போகும் கிளாஸை முன்கூட்டியே குறிப்பிட மேற்கோளைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது, ஆகவே இரண்டும் நடக்கக்கூடியவை. இன்னொரு கோப்பிலிருந்து வந்த பெயர் வலப்புறம் இருந்தால், அந்தக் கோப்பை முழுதும் படித்தால்தான் விடை கிடைக்கும். ஊகம் தவறினால் அலையஸ் என்று எழுதியவருக்கே ‘இது ஒரு வேரியபிள், டைப்பாகப் பயன்படுத்த முடியாது’ என்று பதில் வரும். பைரே என்ற செக்கரில் வேலை செய்த ஷானன் ஜூ பெப் 613-ஐ எழுதினார்: பெயருக்குப் பக்கத்தில் ‘டைப்அலையஸ்’ என்று குறிப்பு போட்டுவிட்டால் ஊகமே வேண்டாம். அதுவும் 3.10-ல் சேர்ந்தது.

இது அறிவிப்புப் பலகை மாட்டிய சமக்குறி, அவ்வளவே. வலப்புறம் இன்னும் உடனே மதிப்பிடப்பட்டது. மேற்கோளில் இருக்கும் பெயருக்கும் ‘நன்’ என்ற வெற்று மதிப்புக்கும் இடையே செங்குத்துக் கோடு போட்டால் இன்டர்ப்ரெட்டர் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் எழுத்துச்சரத்துக்கு அந்தக் கோடு தெரியாது. குறிப்புகளை உடனே மதிப்பிடாமல் ஒத்திவைக்கும் வசதி 3.7 முதல் இருந்தது. ஆனால் அலையஸின் வலப்புறம் குறிப்பு அல்ல, அது மதிப்பளிப்பு. அந்தச் சலுகை அதற்குக் கிடையாது. தன்னையே குறிக்கும் அலையஸ் இன்னும் பாவம். ஜேஸான் தரவு தன்னுள் தன்னையே அடக்கியது; அதை டைப்பாக எழுத வேண்டும் என்று பலர் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். மைபை அதற்கு இயல்பாகவே இடம் கொடுத்தது 2022 இறுதியில்தான்.

அதே 2022-ன் நடுவில் பைரைட் என்ற செக்கரை உருவாக்கிய, அப்போது மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றிய எரிக் டிராட் பெப் 695-ஐ முன்வைத்தார். பிற மொழிகள் காலியிடத்தை எப்படி எழுதுகின்றன என்ற கணக்கெடுப்பை அவர் பின்னிணைப்பாகவே சேர்த்திருந்தார். இலக்கணத்தைத் தொடுவதில்லை என்ற 2013-ன் சொல்லை அந்த ஆவணம் வெளிப்படையாகக் கைவிட்டது. இப்போது வரி இப்படி வரும்: டைப் ஜோடி[டி] = டப்பிள்[டி, டி]. சமக்குறி இருக்கிறது, ஆனால் முன்னால் ஒரு சொல் நிற்கிறது. காலியிடம் பெயரின் பக்கத்திலேயே, எழுதிய வரிசையிலேயே அறிவிக்கப்படுகிறது; வலப்புறத்தை எப்படி மாற்றினாலும் அது புரளாது. டி-யை முன்கூட்டி உருவாக்க வேண்டாம், இருமுறை பெயர் சொல்ல வேண்டாம். அந்த டி அந்த வரிக்கு மட்டுமே சொந்தம்.

‘டைப்’ என்ற சொல்லைத் தேர்ந்ததில் ஒரு சங்கடம் இருந்தது. அது பைதானில் ஏற்கெனவே ஒரு கிளாஸின் பெயர். கோடிக்கணக்கான வரிகளில் இருப்பது. அதைக் காப்புச்சொல்லாக்கினால் பாதி உலகம் உடையும். வாசகம் தொடங்கும் இடத்தில், அடுத்து ஒரு பெயரும் சமக்குறியும் வரும்போது மட்டும் அது காப்புச்சொல், மற்ற இடங்களில் சாதாரணப் பெயர் என்று வைத்தார்கள். 3.9-ல் பைதானின் பழைய பார்சரை மாற்றிப் புதியது வைத்ததால் இது எளிதானது, 3.10-ன் மேட்ச் என்ற சொல் அந்த வழியில் முன்னமே நடந்திருந்தது. இதனால் ‘டைப் டைப் = டைப்’ என்ற வரியைக்கூடப் பைதான் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். யாரும் எழுத மாட்டார்கள் என்று நம்புவோம்.

பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. வலப்புறம் உடனே மதிப்பிடப்படுவதில்லை, யாராவது கேட்கும்போதுதான். அதற்கான உள்வேலையை எழுதியவர் யெல்லே ஜைல்ஸ்ட்ரா. மேற்கோள் குறி தேவையற்றுப் போனது. டைப் மரம்[டி] = டி | லிஸ்ட்[மரம்[டி]] என்று, தன்னைத் தன்னாலேயே சொல்லும் ஜெனரிக் அலையஸ் ஒரே வரியில் அமர்ந்துகொண்டது. 2023 அக்டோபர் 2 அன்று பைதான் 3.12 வெளியானது. டைப்அலையஸ் என்ற குறிப்பு அன்றோடு பழைய வழி ஆனது. மூன்று பதிப்புகளுக்குள் ஒரு வசதி வந்து ஓய்வும் பெற்றுவிட்டது.

இந்தத் தாமதம் பைதானுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. சி++ மொழியில் டெம்ப்ளேட்டுகள் வந்து நெடுங்காலத்துக்குப் பின், 2011 தரநிலையில்தான் காலியிடம் உள்ள அலையஸ் கிடைத்தது. கோ மொழியில் அலையஸ் 2017-லும் ஜெனரிக்ஸ் 2022-லும் வந்துவிட்டன. இரண்டும் முழுமையாகச் சேர 2025 பிப்ரவரியில் 1.24 வர வேண்டியிருந்தது. ஜாவாவில் டைப்புக்கு அலையஸே இன்றுவரை கிடையாது.

சொல் கிடைத்தபின் அலையஸ் சிலவற்றை இழந்தது. யூஆர்எல் = ஸ்டர் என்று பழையபடி எழுதினால் யூஆர்எல் அந்த ஸ்டர் கிளாஸேதான்; அதை அழைத்து எழுத்துச்சரம் உருவாக்கலாம், ஒரு மதிப்பு அந்த வகையா என்று ஓடும்போதே சோதிக்கலாம். புதிய அலையஸ் தனிப்பொருள், ஒரு மூடிய உறை. அழைத்தால் பிழை, சோதித்தாலும் பிழை. உள்ளே இருப்பது வேண்டுமென்றால் அதன் ‘வேல்யூ’ பண்பைக் கேட்டு உறையைத் திறக்க வேண்டும். ஜெனரிக் அலையஸில் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜோடி[இன்ட்] என்று நிரப்பிவிட்டு அதன் உள்ளடக்கத்தைக் கேட்டால் வருவது டப்பிள்[டி, டி]: நிரப்பிய முழு எண் அதில் இருக்காது. கேள்வி அடைப்புக்குறியைத் தாண்டி மூல அலையஸுக்கே போய்விடுகிறது. பழைய சமக்குறி அலையஸ் நிரப்பியவுடன் டப்பிள்[இன்ட், இன்ட்] ஆகிவிடும். ஓடும் நேரத்தில் டைப்களைப் படித்துத் தரவைச் சரிபார்க்கும் லைப்ரரிகளை எழுதுபவர்கள் இந்த நிரப்பும் வேலையைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

திறந்து கிடந்த அந்தக் கதவுக்கு 2024 அக்டோபரில் வந்த 3.13 ஒரு தாழ்ப்பாள் கொடுத்தது. பெப் 696-இன்படி காலியிடத்துக்கு இயல்பு விடை ஒன்றை எழுதிவைக்கலாம்: டைப் ஜோடி[டி = இன்ட்] என்று அறிவித்தால், வெறுமனே ஜோடி என்று எழுதுபவருக்கு எனி கிடைக்காது, முழு எண் ஜோடி கிடைக்கும். எழுதிவைக்காத அலையஸ்களில் பழைய எனி இன்னும் காத்திருக்கிறது.

பழைய பதிப்புகளையும் தாங்க வேண்டிய லைப்ரரிகளுக்கு இதில் எதுவும் உடனே பயனில்லை. 3.11-ல் ‘டைப்’ என்று தொடங்கும் வரி இலக்கணப் பிழை. பதிப்பு எண்ணைப் பார்த்து இஃப் போட்டு ஒதுக்கவும் முடியாது. கோப்பைப் படிக்கும்போதே பார்சர் நின்றுவிடும், இஃப் வரை போகவே போகாது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை வர இருக்கின்றன. அதுவரை புதிய அலையஸின் குணம் வேண்டுவோர், கூடுதல் லைப்ரரி ஒன்றிலிருந்து எடுத்து நீட்டி எழுதுகிறார்கள்: ஜோடி = டைப்அலையஸ்டைப்("ஜோடி", டப்பிள்[டி, டி], டைப்_பாராம்ஸ்=(டி,)). அதில் டி-யை முன்பே உருவாக்கி வைத்திருக்க வேண்டும், ஜோடி என்ற பெயரையும் இருமுறை சொல்ல வேண்டும்.